கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வோட்டு, அந்தப் பக்கம் ஒரு வோட்டு

2024 ஏப்ரல் 19ஆம் தேதி களியக்காவிளையில் அண்ணன் விரலில் மை வைத்தார்கள். அந்த மை காய்ந்து ஒரு வாரம் கழித்து, 26ஆம் தேதி, பாறசாலையில் வாழ்க்கைப்பட்ட தங்கையின் விரலில் மை வைத்தார்கள். இரண்டு வீடுகளுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பேசிக்கொண்டே நடந்து கடந்துவிடலாம். அண்ணன் வீட்டுத் தமிழில் பாதி மலையாளம். தங்கை வீட்டு மலையாளத்தில் பாதி தமிழ். கோயில் கொடைக்கும் மாதாகோயில் திருநாளுக்கும் இரு வீட்டாரும் ஒரே பந்தியில்தான் உட்காருகிறார்கள். ஆனால் வோட்டு என்று வரும்போது இருவரும் வெவ்வேறு உலகத்துக்குப் போய்விடுகிறார்கள்.

அந்தத் தேர்தலில் அண்ணன் கண்ட காட்சி: கன்னியாகுமரித் தொகுதியில் கை சின்னத்துக்காக மார்க்சிஸ்ட் தோழர்களும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். தங்கை கண்ட காட்சி: திருவனந்தபுரம் தொகுதியில் அதே கை சின்னத்தை வீழ்த்துவதற்காக அதே கட்சித் தோழர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். இரண்டு பக்கமும் அரிவாள் சுத்தியல் கொடிதான். நின்றது ஒரே பார்லிமென்டுக்கான தேர்தல்தான். இஞ்சிவிளையைத் தாண்டினால் நண்பன் பகைவனாகிவிடுகிறான்! தோழர்களின் கொள்கை வழியில் எங்கேயும் தொலைந்துபோய்விடவில்லை. தமிழ்நாட்டில் ஆட்சிப் போட்டி இரு திராவிடக் கட்சிகளைச் சுற்றி நடந்து வந்திருப்பதால் காங்கிரஸும் இடதுசாரிகளும் ஒரே குடையின் கீழ் ஒதுங்க முடிந்தது. கேரளத்தில் அந்த இருவரும்தான் இரு குடைகள். குடை எத்தனை, யார் கையில் என்பதை வைத்தே வோட்டர் யாருடன் நிற்பார் என்பதும் முடிவாகிறது.

ஜனங்கள் எப்படியோ அப்படித்தான் ஆட்சியும் அமையும் என்று சொல்வது வழக்கம். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லைக் கிராமங்களைப் பார்த்தால் அந்தப் பேச்சு பாதிதான் உண்மை என்று தெரிகிறது. ஜனங்கள் ஒன்று, ஏற்பாடு இரண்டு. ஏற்பாடு மாறினால் வோட்டின் மதிப்பும் மாறுகிறது.

இந்தக் கோடு போடப்பட்ட கதையே அதற்கு நல்ல சாட்சி. திருவாங்கூர்-கொச்சி ராஜ்யம் இருந்த காலத்தில் 1954இல் நடந்த சட்டசபைத் தேர்தலில் மொத்தம் 117 ஸ்தானங்கள். காங்கிரஸுக்கு 45, கம்யூனிஸ்டுகளுக்கு 23, பிரஜா சோஷலிஸ்டுகளுக்கு 19. திரு. நேசமணியின் தலைமையில் நின்ற திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸுக்கு 12. நூற்றுப் பதினேழில் பன்னிரண்டு என்றால் கணக்கில் சிறியதுதான். ஆனால் யாருக்கும் மெஜாரிடி இல்லாத சபையில் பன்னிரண்டு பேர் பக்கம் மாறினால் மந்திரிசபை நிற்கவும் செய்யும், விழவும் செய்யும். 1953இல் திரு. ஏ.ஜே. ஜானின் மந்திரிசபை கவிழ்ந்ததே தமிழ் உறுப்பினர்கள் ஆதரவை விலக்கிக் கொண்டதால்தான். 1954இல் 19 பேரை மட்டும் வைத்துக்கொண்டு திரு. பட்டம் தாணு பிள்ளை, காங்கிரஸ் வெளியிலிருந்து தாங்க, முதல் மந்திரியானார். அவருடைய ஆட்சியில்தான் அந்த ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து தமிழர் உயிர்கள் பலியாயின. அவருடைய சொந்தக் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த டாக்டர் லோகியாவே மந்திரிசபை ராஜினாமா செய்ய வேண்டும் என்றார், மந்திரிசபை கேட்கவில்லை. 1955இல் அது கவிழ்ந்து, திரு. பனம்பிள்ளி கோவிந்த மேனன் தமிழ் உறுப்பினர்களின் துணையோடு ஆட்சி அமைத்தார்.

பன்னிரண்டு ஸ்தானம் எப்படிக் கிடைத்தது? தமிழர்கள் தெற்குத் தாலுக்காக்களில் நெருக்கமாக வாழ்ந்தார்கள். அதிக வோட்டு பெற்றவர் ஜெயித்தவர் என்ற நமது முறையில் ஓரிடத்தில் சேர்ந்திருக்கும் சிறுபான்மைக்குப் பலன் உண்டு. சிதறிக் கிடக்கும் சிறுபான்மைக்குப் பூஜ்யம். அதே ராஜ்யத்தில் திருவனந்தபுரம் சாலைக் கடைத் தெருவிலும் கரமனையிலும் தமிழர்கள் இருக்கத்தான் செய்தார்கள். அவர்கள் பெயரில் ஒரு ஸ்தானமும் விழவில்லை.

தமிழ்நாடு காங்கிரஸ் ஒன்பது தாலுக்காக்களைக் கேட்டது. அவற்றில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. மாநிலச் சீரமைப்புக் கமிஷன் 1955இல் தந்த அறிக்கையில் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்தைச் சென்னை ராஜ்யத்துக்குச் சிபாரிசு செய்தது. தேவிகுளம், பீருமேடு, சித்தூர், நெய்யாற்றின்கரை கேரளத்துக்குப் போயின. தாலுக்காவை ஓர் அலகாக வைத்துக் கோடு போட்டால் கிராமங்களின் பேச்சும் உறவும் கணக்கில் வராமல் போவது இயற்கை. 1956 நவம்பர் 1ஆம் தேதி காலையில் பாறசாலைக்காரர் எழுந்தபோது கிழக்கே இருந்த சந்தை வேறு ராஜ்யமாகிவிட்டது.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் உண்டு. கோட்டுக்குக் கிழக்கே போனவர்கள் கேட்டதைப் பெற்றார்கள். ஆனால் தராசு முள்ளாக இருந்த இடத்தை இழந்தார்கள். 117 பேர் கொண்ட சபையில் பன்னிரண்டு பேராக இருந்து மந்திரிசபைகளை ஆட்டி வைத்தவர்கள், இருநூறுக்கு மேற்பட்ட ஸ்தானங்கள் கொண்ட சென்னைச் சபையில், காங்கிரஸுக்கு அசைக்க முடியாத மெஜாரிடி இருந்த காலத்தில், ஒரு மாவட்டத்து உறுப்பினர்கள் ஆனார்கள். கட்சியும் கரைந்தது, திரு. நேசமணி 1957இல் காங்கிரஸ் அபேட்சகராகவே சட்டசபைக்குப் போனார். பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த மகிழ்ச்சி பெரிது. ஆனால் அந்த வீட்டில் ஏற்கெனவே பிள்ளைகள் அதிகம். மேற்கே நின்றுவிட்டவர்களுக்கோ இரண்டும் இல்லை. தாலுக்காவும் வரவில்லை, தெற்குத் தாலுக்காக்களோடு சேர்ந்து பெற்றிருந்த பேரம் பேசும் பலமும் போயிற்று.

அதன்பிறகு நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் தமிழ் வோட்டு என்று ஒன்று கேட்கப்படவில்லை. தமிழர்கள் காணாமல் போகவில்லை. கேட்பதற்கு ஏற்பாட்டில் இடமில்லை. தேவிகுளத்தில் மலைத் தோட்டத் தமிழர்கள் நெருக்கமாக இருப்பதால் இரு முன்னணிகளும் அங்கே தமிழரை நிறுத்துகின்றன. 2021இல் அத்தொகுதி உறுப்பினர் திரு. ஏ. ராஜா கேரள சட்டசபையில் தமிழில் பிரமாணம் எடுத்துக் கொண்டார். பாறசாலையில் மொழி கலந்து கிடக்கிறது. அங்கே முன்னணிகள் எண்ணிப் பார்ப்பது சமுதாயக் கணக்கைத்தான். ஏனென்றால் சர்க்காரிடமிருந்து பெறுவதற்கு வழி சமுதாயப் பட்டியல் வழியாகத்தான் இருக்கிறது. கேரளத்தில் இந்து நாடாருக்குத் தனி ஒதுக்கீடு, எஸ்.ஐ.யு.சி. நாடாருக்குத் தனி ஒதுக்கீடு. மற்றக் கிறிஸ்தவ நாடார்கள் நெடுங்காலம் வெளியில் நின்றார்கள். 2021 பிப்ரவரியில், தேர்தல் வாசலில் நிற்கும்போது, அவர்களையும் சேர்க்க முடிவெடுத்து உத்தரவு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஹைகோர்ட் தடை விதித்தது. இதைப் பார்க்கிற வோட்டர் எதை வைத்துத் தம்மை எண்ணிக் கொள்வார்? வீட்டில் பேசும் மொழிக்கு ஒதுக்கீடு இல்லை. சபைப் பதிவேட்டில் உள்ள பெயருக்கு உண்டு. இதைச் சாதி வெறி என்று பட்டணத்திலிருந்து திட்டுவது சுலபம். கவுன்டர் எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் வரிசை நிற்கும்.

கட்சி மாறுதல் விஷயத்திலும் இந்த எல்லைப் பகுதி ஒரு பாடசாலை மாதிரி. 1956 மார்ச்சில் பனம்பிள்ளி மந்திரிசபை வீழ்ந்தது காங்கிரஸிலிருந்து ஆறு பேர் விலகியதால். அவர்கள் ஒருவரும் மறுபடி வோட்டரிடம் போக வேண்டியிருக்கவில்லை. ஜனாதிபதி ஆட்சி வந்ததுதான் மிச்சம். 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு விளையாட்டின் விதி மாறிற்று. 2011இல் நெய்யாற்றின்கரையில் மார்க்சிஸ்ட் அபேட்சகராக ஜெயித்த திரு. ஆர். செல்வராஜ் 2012 மார்ச்சில் கட்சியை விட்டார். கட்சியை விட்டால் ஸ்தானமும் போகும் என்பதால் பதவியை ராஜினாமா செய்தார். ஜூன் மாதம் நடந்த இடைத்தேர்தலில் காங்கிரஸ் சின்னத்தில் நின்று 6,334 வோட்டு வித்தியாசத்தில் மீண்டும் ஜெயித்தார். பாரதீய ஜனதாவின் திரு. ஓ. ராஜகோபால் முப்பதாயிரத்துக்கு மேல் பெற, பதிவான வோட்டில் பாதியைத் தொடாமலே வெற்றி கிட்டியது. பன்னிரண்டு ஆண்டு கழித்துக் கோட்டுக்குக் கிழக்கே விளவங்கோட்டில் திருமதி விஜயதரணி காங்கிரஸிலிருந்து பாரதீய ஜனதாவுக்குப் போய் ராஜினாமா செய்தார். 2024 ஏப்ரல் 19இல் நடந்த இடைத்தேர்தலில் அவர் நிற்கவில்லை, காங்கிரஸே அந்த ஸ்தானத்தைத் தக்க வைத்துக் கொண்டது. ஒரு பக்கத்து வோட்டர் தாவியவரை ஏற்றார். இன்னொரு பக்கத்து வோட்டர் பழைய கட்சியோடு நின்றார். இரண்டிலும் கடைசி வார்த்தை வோட்டர் கையில் இருந்தது. பிரிட்டனில் அப்படியில்லை. சர்ச்சில் 1904இல் கன்சர்வேடிவ் வரிசையிலிருந்து எழுந்து லிபரல் வரிசையில் போய் உட்கார்ந்தார். தொகுதி மக்களைக் கேட்க வேண்டிய சட்டம் எதுவும் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் நமது சட்டத்துக்கும் ஒரு விலை உண்டு. தாவலைத் தடுத்த அதே சட்டம், சொந்தத் தொகுதிக்காகக் கட்சிக் கொறடாவை எதிர்த்து வோட்டுப் போட நினைக்கும் உறுப்பினரின் வாயையும் கட்டிவிட்டது.

ஏற்பாடு எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பதற்கு நமக்கு மிக அருகில் இன்னொரு உதாரணம் உண்டு. கீரிப்பாறை ரப்பர் தோட்டத்திலும் புனலூர்ப் பக்கத்து மறுவாழ்வுத் தோட்டங்களிலும் பால்வெட்டும் குடும்பங்கள் பல இலங்கையிலிருந்து வந்தவை. அவர்களுடைய பாட்டன்மார் 1947இல் இலங்கைப் பார்லிமென்டுக்குத் தங்கள் ஆட்களை அனுப்பினார்கள், திரு. தொண்டமான் நுவரெலியாவில் ஜெயித்தார். 1948இல் பிரஜா உரிமைச் சட்டம், 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம். 1952 தேர்தலில் தோட்டத் தமிழருக்கு ஓர் உறுப்பினரும் இல்லை. தோட்டத்தில் ஆட்கள் குறையவில்லை, தேயிலையும் குறையவில்லை. பட்டியலில் பெயர்தான் இல்லை. அங்கேயே மிஞ்சியவர்களுக்குப் பின்னாளில் உரிமை திரும்பியது. 1978 அரசியல் சட்டம் விகிதாசார முறையைக் கொண்டு வந்தது. 1994இல் 225 பேர் கொண்ட சபையில் திருமதி சந்திரிகாவின் கூட்டணிக்கு 105, முஸ்லிம் காங்கிரஸுக்கு 7. மெஜாரிடிக்கு வேண்டிய 113ஆவது ஆள், மலையக மக்கள் முன்னணியின் திரு. சந்திரசேகரன். ஒரு நாட்டின் ஆட்சியை அமைத்தது தோட்டத் தொழிலாளியின் ஒற்றை ஸ்தானம். 1954இல் திருவனந்தபுரத்தில் பன்னிரண்டு செய்ததை அங்கே ஒன்று செய்தது.

சிங்கப்பூர் வேறு வழி கண்டது. 1988 முதல் சில தொகுதிகளில் தனி ஆள் நிற்க முடியாது. குழுவாகத்தான் நிற்க வேண்டும், குழுவில் மலாய்க்காரரோ இந்தியரோ வேறு சிறுபான்மையினரோ ஒருவராவது இருக்க வேண்டும். சிறுபான்மைக்கு ஸ்தானம் நிச்சயம். ஆனால் குழுவை அமைப்பது கட்சி. ஆகவே அந்த உறுப்பினர் முதலில் யாருக்குக் கடமைப்பட்டவர் என்று கேட்பாரும் உண்டு.

சட்டசபையும் பார்லிமென்டும் இருக்கட்டும். எல்லைக் கிராமத்தில் வித்தியாசம் நாள்தோறும் கண்ணில் படுவது பஞ்சாயத்தில்தான்.

1992இல் அரசியல் சட்டம் 73ஆவது முறை திருத்தப்பட்டது. 1994இல் கேரளமும் தமிழ்நாடும் தனித்தனிப் பஞ்சாயத்துச் சட்டம் இயற்றின. தாய் ஒன்று, பிள்ளைகள் இரண்டு; குணம் வேறு. பாறசாலையில் பஞ்சாயத்துத் தேர்தல் கட்சிச் சின்னத்தில் நடக்கும். வார்டு மெம்பர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள், நம்பிக்கை போனால் அவர்களே இறக்குவார்கள். முஞ்சிறை, மேல்புறம் ஒன்றியக் கிராம ஊராட்சிகளில் கட்சிச் சின்னம் கிடையாது. தலைவரை ஊரே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும், அவரைப் பதவியிலிருந்து நீக்கும் அதிகாரம் கலெக்டர் கையில் இருக்கும். நேரடித் தேர்தல்தான் அதிக ஜனநாயகம் என்று முதலில் தோன்றும். நடைமுறையில் நேரடித் தலைவர் ஊரில் ஒரு குட்டி ராஜா. மெம்பர் என்பவர் கையெழுத்துப் போட வருகிறவர். கேரளத்தில் மெம்பர்தான் ஆள். தலைவர் பதவி அவர் வோட்டில் தொங்குகிறது.

கிராமசபையும் அப்படியே. தமிழ்நாட்டில் ஊராட்சி முழுவதற்கும் ஒரே கிராமசபை. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி என்று குறித்த நாட்களில் கூடும். அண்மையில் இரு நாட்கள் கூட்டினார்கள். கேரளத்தில் ஒவ்வொரு வார்டும் ஒரு கிராமசபை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும். கூட்டுபவர் அந்த வார்டு மெம்பர். 1996இல் மக்கள் திட்டம் என்று ஆரம்பித்து, மாநிலத் திட்டச் செலவில் 35 முதல் 40 சதவீதம் வரை ஸ்தல ஸ்தாபனங்களுக்குப் பிரித்துத் தருவது என்று முடிவெடுத்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையம், மாட்டாஸ்பத்திரி, கிருஷி பவன் எல்லாம் பஞ்சாயத்தின் கீழ் வந்தன. வீடு கட்ட உதவி யாருக்கு, ஆடு மாடு யாருக்கு என்ற பட்டியல் வார்டு கிராமசபை வழியாகப் போகிறது. பணம் இருக்கும் இடத்தில் கட்சிச் சண்டையும் இருக்கும். எதிர்க்கட்சி வார்டில் சாலை தாமதப்படுவதும், ஆளுங்கட்சிக்காரர் பெயர் பட்டியலில் மேலே ஏறுவதும் கேரளத்தில் இல்லாத சங்கதி அல்ல. ஆனால் சண்டை போடுவதற்காவது அங்கே ஒரு பொருள் இருக்கிறது.

தேர்தல் நடக்கும் ஒழுங்கைப் பாருங்கள். பாறசாலையில் 1995, 2000, 2005, 2010, 2015, 2020, 2025 என்று கடிகாரம் மாதிரி ஐந்தாண்டுக்கு ஒரு முறை பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. 2020இல் கொரோனா காலத்திலும் நடந்தது. எதிரே உள்ள களியக்காவிளை ஒரு பேரூராட்சி. அங்கே 2011இல் தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான். ஐந்தாண்டுக்கு மேல் ஒரு மெம்பரும் இல்லாமல் அதிகாரிகளே நடத்தினார்கள். சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் வந்தது. அவர்களுடைய காலமும் 2025 ஜனவரியில் முடிந்தது, தேர்தலுக்குப் பதிலாக மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். வார்டு பிரிப்பு, ஒதுக்கீடு, கோர்ட்டு வழக்கு என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. கேரளத்தில் மட்டும் வார்டு பிரிப்பதில்லையா, வழக்குப் போடுவதில்லையா?

இவ்வளவு காலம் பஞ்சாயத்து காலியாகக் கிடந்தும் தமிழ்நாட்டில் ஊர்கள் ஏன் கொதித்தெழவில்லை? இதற்கும் ஏற்பாட்டில்தான் பதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி, சத்துணவு, பெண்களுக்குக் கட்டணமில்லாப் பஸ் எல்லாம் சென்னையிலிருந்து நேராக வீட்டுக்கு வருகின்றன. நடுவில் மெம்பர் இல்லை. அது ஒரு வகையில் நல்லதுதான். மெம்பரின் தயவு இல்லாமலே ஏழை வீட்டுப் பானை பொங்குகிறது. அதனால் அண்ணனுக்குச் சட்டசபைத் தேர்தல்தான் தேர்தல்; பஞ்சாயத்து, தெருவிளக்கு எரியாத அன்று மட்டும் நினைவுக்கு வரும். தங்கைக்கோ வார்டு மெம்பரின் பெயர், அவர் வீட்டு வாசல், அவர் எந்த நேரத்தில் இருப்பார் என்பது வரை அத்துப்படி.

ஏற்பாடு யாரையும் யாருக்கும் பதில் சொல்ல வைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நெய்யாற்றைப் பார்க்கலாம். நெய்யாறு அணை கேரளத்தில் இருக்கிறது. அதன் இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு வயல்களுக்கும் நீர் தந்தது. அந்தத் திட்டம் உருவான காலத்தில் அணையும் வயலும் ஒரே ராஜ்யம். ஆகவே மதகைத் திறக்கும் மந்திரி விளவங்கோட்டு வோட்டரின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். 1956க்குப் பிறகு அந்தக் கட்டாயம் அறுந்தது. பழக்கத்தில் பல ஆண்டு ஓடிய தண்ணீர் 2004இல் நின்றது. நெய்யாறு கேரளத்துக்குள்ளேயே ஓடும் ஆறு என்பது கேரளத்தின் வாதம்; 2012இல் தமிழ்நாடு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. விளவங்கோட்டு விவசாயி சென்னையில் யாரை மாற்றினாலும் மதகு அசையாது. திருவனந்தபுரத்தில் யாரையும் மாற்ற அவருக்கு வோட்டு இல்லை. கால்வாயில் புல் முளைத்தது. கேரளத்தார் கெட்டவர்கள் என்று இதற்கு அர்த்தம் பண்ணுவது வீண். எந்த மந்திரியும் தமக்கு வோட்டுப் போடாத வயலுக்காகத் தம் வோட்டர்களைப் பகைத்துக் கொள்வதில்லை.

இந்தக் கணக்கைக் கேரளத்தில் பிழைக்க வந்திருக்கும் தமிழ்த் தொழிலாளியும் குமாஸ்தாவும் தம் விஷயத்தில் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருஷமாக நெய்யாற்றின்கரையிலும் பாறசாலையிலும் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, கொத்து வேலையோ கடை வேலையோ பாங்கு உத்தியோகமோ பார்த்துக்கொண்டு, வோட்டை மட்டும் தென்காசியிலோ விருதுநகரிலோ வைத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கானோர். காரணம் கேட்டால் சொல்கிறார்கள்: ஊரில் வீடு இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, பெயரை எடுத்துவிட்டால் ஊரோடு இருந்த கடைசி நூலும் அறுந்துவிடும். இதைச் சிரித்துத் தள்ள முடியாது. அன்னியனாக நிற்கிற இடத்தில் பட்டியலில் பெயர் சேர்த்தால் நாளைக்கு யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்ற பயத்திலும் நியாயம் இருக்கிறது. 2021இல் இரு மாநிலத்திலும் ஒரே நாளில், ஏப்ரல் 6இல், தேர்தல் நடந்தபோது கேரளத்தில் இரட்டை வோட்டு என்ற கூச்சல் கிளம்பி ஹைகோர்ட் வரை போனதும் நினைவிருக்கும்.

ஆனால் சட்டம் சொல்வது தெளிவு. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒருவர் சாதாரணமாக எங்கே வசிக்கிறாரோ அங்கே வோட்டர். ஓர் ஊரில் சொந்த வீடு இருப்பது மட்டும் அங்கே வசிப்பதாகாது. வேலையாகக் கொஞ்ச நாள் வெளியூர் போனதால் வசிப்பு போய்விடுவதும் இல்லை. இரண்டு தொகுதிகளில் பெயர் வைத்துக் கொள்ளக் கூடாது. தெரிந்தே பொய்யாக எழுதிக் கொடுத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. 2025 நவம்பரில் தேர்தல் கமிஷன் இரு மாநிலங்களிலும் பட்டியலைத் தீவிரமாகத் திருத்தப் புகுந்தபோது வீடு வீடாக வந்த படிவத்தை ஓரிடத்தில்தான் நிரப்ப முடியும் என்றாயிற்று. ஊரில் பூட்டிய வீட்டைக் கண்டு பெயரை அடித்தவர்களும் உண்டு. இங்கே கேட்டால் உன் பெயர் இங்கே எப்போது இருந்தது என்றவர்களும் உண்டு. இரண்டு படகில் கால் வைத்தவர்கள் இரண்டும் இல்லாமல் தண்ணீரில் நின்றார்கள்.

இருந்த இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வோட்டுப் போட வழி செய்தால் என்ன என்ற யோசனையும் வராமலில்லை. 72 தொகுதிகள் வரை ஒரே இயந்திரத்தில் அடங்கும் என்று தேர்தல் கமிஷன் 2023 ஜனவரியில் கட்சிகளை அழைத்துக் காட்ட ஏற்பாடு செய்தது. எதிர்க்கட்சிகள் சந்தேகம் எழுப்பின. விஷயம் அத்தோடு நின்றது. பிலிப்பைன்ஸ் தேசம் தன் வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்காக 2003இல் சட்டம் செய்து 2004 முதல் தூதரகங்களில் வோட்டுப் பெறுகிறது. நம்முடைய வளைகுடாத் தொழிலாளிக்குப் பெயர் சேர்க்க உரிமை உண்டு. போட வேண்டுமானால் டிக்கெட் எடுத்து ஊருக்கு வர வேண்டும். இங்கே பாறசாலையிலிருந்து விருதுநகருக்குப் போகிறவருக்கும் அதே கதிதான். இரண்டு நாள் கூலி போகும்.

அப்படிப் போய்ப் போடும் வோட்டு என்ன வாங்கித் தருகிறது என்று கேட்டால், சென்னையில் ஆட்சியைத் தீர்மானிப்பதில் ஒரு பங்கு. அது சிறியதல்ல. ஆனால் அவருடைய பிள்ளை படிக்கும் பள்ளி, மனைவி மருந்து வாங்கும் சுகாதார நிலையம், மழைக்காலத்தில் வீட்டு வாசலில் நிற்கும் சாக்கடை எல்லாம் இங்கே உள்ள ஒரு வார்டு மெம்பர் கையில் இருக்கின்றன. அந்த வார்டில் சில வோட்டுகளில் மெம்பர் மாறுவது உண்டு. சில சமயம் ஒரு மெம்பரில் பஞ்சாயத்தே கைமாறுவதும் உண்டு. பன்னிரண்டு பேர் தராசு முள்ளாக நின்ற அதே வித்தை, சிறிய அளவில், இந்த வார்டுகளில்தான் இன்னும் மிச்சமிருக்கிறது. ஒரு லைனில் இருபது தமிழ்க் குடும்பம் வாடகைக்கு இருந்து ஒருவருக்கும் வோட்டு இல்லையென்றால் அந்த லைனுக்குக் குழாய் கடைசியில்தான் வரும். ஆண்டுக்கணக்கில் இங்கேயே குடும்பத்தோடு இருப்பவர்கள் பெயரை இங்கே மாற்றிக் கொள்வதே புத்தி. சீசனுக்கு வந்து போகிறவர்கள் விஷயம் வேறு. அவர்கள் ஊர்ப் பட்டியலில் பத்திரமாக இருந்துகொள்ளட்டும்.

மாற்றிக் கொள்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேரளத்தில் சட்டசபைப் பட்டியலும் பஞ்சாயத்துப் பட்டியலும் ஒன்றல்ல. முன்னது தேர்தல் கமிஷனுடையது. பின்னது மாநிலத் தேர்தல் கமிஷன் தனியாகத் தயாரிப்பது. ஒன்றில் பெயர் ஏறியதால் மற்றதில் ஏறிவிடாது. 2025 டிசம்பர் 9ஆம் தேதி திருவனந்தபுரம் மாவட்டத்தில் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தபோது, சட்டசபைக்குப் போட்ட அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சாவடிக்குப் போவது மட்டும் போதாது என்பது அதனால்தான். பெயர் சேர்க்கும் நாளை அறிவிக்கும் நோட்டீசு பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் ஒட்டப்படும். அது மலையாளத்தில் இருக்கும். 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழருக்குத் தலைமைச் செயலகத்தோடு தமிழில் எழுத உரிமை தந்திருக்கிறது. பலகையில் தமிழிலும் ஒட்ட வேண்டும் என்று எழுதிக் கேட்க அதுவே போதும். அதுவரை, காலை ரயிலில் நாகர்கோவிலிலிருந்து வந்து இறங்கும் குமாஸ்தாக்களில் மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். சித்தாளுக்கும் சுமைக்காரருக்கும் அந்த நோட்டீசை ஒரு தடவை உரக்க வாசித்துக் காட்ட ஐந்து நிமிஷம் பிடிக்கும்.